புகையான்: இறக்கையா, முட்டையா?

புகையான் என்றாலே நெல் போட்டவர்களுக்கு வயிறு கலங்கும். பச்சையாக நின்ற வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து போயிருக்கும். தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் அப்பியிருக்கும்.

ஜப்பானுக்கும் இந்தக் கதை பழசு. 1732-இல் மேற்கு ஜப்பானில் வந்த கியோஹோ பஞ்சத்துக்கு இந்த வகைத் தத்துப்பூச்சிகள் ஒரு முக்கியக் காரணம். வயல் தண்ணீரில் திமிங்கல எண்ணெயை ஊற்றி, பூச்சிகளை அதில் தட்டிவிட்டுக் கொல்வதுதான் அன்றைய வைத்தியம். ஆனால் ஒரு புதிர் மட்டும் பல காலம் நீடித்தது. பனிக்காலத்தில் காணாமல் போகும் பூச்சி அடுத்த கோடையில் எங்கிருந்து வருகிறது?

1967 ஜூலையில், கரையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி பசிபிக் கடலில் நின்ற ஜப்பானிய வானிலைக் கப்பலைச் சுற்றி இந்தப் பூச்சிகள் கூட்டமாகப் பறந்தன. நடுக்கடலில் நெல் ஏது? அதன்பிறகுதான் கடல் தாண்டி வரும் வலசை என்ற கருத்து வலுப்பட்டது. புகையான் ஜப்பானியக் குளிரைத் தாங்காது. ஒவ்வொரு வருடமும் பருவக்காற்றில் ஏறித் தெற்கிலிருந்து புதிதாக வருகிறது.

சரி, கடல் தாண்டும் பூச்சி எல்லாமே நீள இறக்கையோடு பிறக்கலாமே? அங்கேதான் கணக்கு இருக்கிறது. இறக்கைக்கும் பறக்கும் தசைக்கும் செலவாகும் சத்து முட்டைக்குப் போகாது. குட்டை இறக்கைப் பெண் பறக்காது. ஆனால் சீக்கிரமே முட்டையிடத் தொடங்கும், அதிகமாகவும் இடும். நீள இறக்கைக்காரி முதலில் பயணம், பிறகுதான் பிள்ளைப்பேறு.

காற்றில் வந்திறங்குவது நீள இறக்கை. இளம்பயிர், கூட்டமும் இல்லை என்றால் அதன் பெண் வாரிசுகளில் பெரும்பாலானவை குட்டை இறக்கை. பெருக்கம் வெடிப்பது இந்தக் கட்டத்தில். நெரிசல் கூடி, பயிரும் முற்றினால் மறுபடி நீள இறக்கை. ஊரைக் காலி செய்யும். குஞ்சுப் பருவத்திலேயே இது முடிவாகிவிடும், பிறகு மாற்ற முடியாது. இரண்டு இன்சுலின் ஏற்பிகள் இதற்கு ஸ்விட்ச் போல வேலை செய்கின்றன என்று சீன ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள்.

மருந்தடித்தால் தீராதா? சிலந்தி போன்ற எதிரிகளும் சேர்ந்து சாகும். மிஞ்சிய புகையானைத் தடுக்க ஆளிருக்காது. இதைப் பட்டு உணர்ந்துதான் 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

ஆகவே விளக்குப்பொறியில் விழும் நீள இறக்கையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடக் கூடாது. அது வந்ததையோ கிளம்புவதையோதான் சொல்லும். வயலைத் தின்னப் போகிறவள் பறக்க மாட்டாள். தூரடியில் சத்தமில்லாமல் முட்டையிட்டுக்கொண்டிருப்பாள். குனிந்துதான் பார்க்கணும்.