இரண்டாம் படி எங்கே இருக்கிறது? தீவும் வன்தட்டும்

அந்தமான் தண்டனைக் குடியேற்றத்தின் வரலாற்றை எழுத முனைபவர் முதலில் செல்ல வேண்டிய இடம் அந்தமான் அன்று. புதுதில்லியின் தேசிய ஆவணக் காப்பகமும் லண்டனின் பிரிட்டிஷ் நூலகமும்தான். 1858இல் தொடங்கிய அக்குடியேற்றத்தின் உள்ளூர் ஆவணங்களில் பெரும்பகுதி, 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது அழிந்தது. மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காகக் கடல் கடந்து அனுப்பப்பட்ட படிகளே இன்று வரலாற்றுச் சான்றுகளாக நிற்கின்றன. பாதுகாப்பு அவற்றின் நோக்கமன்று. தொலைவே அவற்றைக் காத்தது.

இதே கேள்வி இன்று வீட்டுக் கணினியின் வன்தட்டுக்கும் பொருந்தும்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. கொள்ளளவு ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். 1980இல் சீகேட் நிறுவனம் அதே அளவுத் தரவை மேசைக் கணினிக்குள் பொருந்தும் சிறு பெட்டியில் அடக்கியது. அளவு சுருங்கினாலும் அடிப்படை மாறவில்லை: சுழலும் தட்டின் மேல், மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்தபடி ஒரு முனை படிக்கிறது, எழுதுகிறது. இன்று அவ்விடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. ஓர் அதிர்வோ ஒரு துகளோ போதும், தட்டின் மேற்பரப்பு கீறப்பட.

இவ்வியல்பை முற்றாக நீக்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டதே இத்துறையின் முதிர்ச்சி. 1988இல் பெர்க்லி ஆய்வாளர்களான பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் தரவைப் பல வட்டுகளில் பகிர்ந்து வைக்கும் ‘ரெய்டு’ முறையை முன்வைத்தனர். 1990களில், வட்டு தன் நலத்தைத் தானே கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்’ வசதி வந்தது. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்தனர். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய வட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைவிட 39 மடங்கு அதிகம் என அவர்கள் கண்டனர். ஆனால் செயலிழந்தவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை எந்த அறிகுறியையும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்பலாம், வராமையை நம்பலாகாது.

போர்ட் பிளேரின், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தின், ஜங்லிகாட் போன்ற கடலோரக் குடியிருப்பில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமும் மின்சுற்றுப் பலகையின் இணைப்புகளை அரிக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் கோப்பமைப்பு சிதையக்கூடும். யுபிஎஸ், காற்றோட்டம், ஈரமற்ற இடம் ஆகியவை ஆயுளை நீட்டிக்கும்; அதற்கு மேல் அவற்றால் ஆவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தால் போர்ட் பிளேர்ப் பகுதியில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஜங்லிகாட் உள்ளிட்ட தாழ்ந்த கரைகளில் கடல்நீர் புகுந்தது. அத்தகைய நாளில், கணினியில் உள்ள வட்டும் அதே வீட்டு அலமாரியில் உள்ள காப்பு வட்டும் சேர்ந்தே நனையும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு படிகள், வெள்ளத்தின் முன் ஒரே படிதான்.

தொலைவில் படி வைப்பதும் எளிதாக இருக்கவில்லை. பல ஆண்டுகள் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. பெரிய கோப்புகளை அனுப்புவது அரிது. கப்பலிலோ விமானத்திலோ செல்பவரிடம் வட்டைக் கொடுத்தனுப்புவதே நடைமுறைக்கு உகந்த வழி. 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடி இழைத் தடம் இந்நிலையை மாற்றியது.

எனினும், தானாக ஒத்திசையும் இணையக் கோப்புறையைக் காப்புப்படி என எண்ணுவது பிழை. இங்கு அழித்தால் அங்கும் அழியும். மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற நெறியே இன்றும் செல்லுபடியாகிறது. அப்படியைத் திறந்து படிக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் அதன் பகுதியே.

தீவுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் ஒளிப்படங்கள், முதியோரின் குரல்பதிவுகள், நில ஆவணங்களின் வருடல்கள் எல்லாம் இன்று வீட்டு வட்டுகளில் கிடக்கின்றன. கைதிகளின் கணக்கைப் பேரரசு கேட்டது. ஆகவே படி தொலைவுக்குச் சென்றது. குடியேறியவர்களின் நினைவை எந்த மேலிடமும் கேட்பதில்லை. அதன் இரண்டாம் படியை அனுப்பும் பொறுப்பு அவ்வீடுகளுக்கும், அவர்களிடம் களப்பணி செய்யும் ஆய்வாளர்களுக்கும் உரியது.