ஓங்கு, ஒடுங்கு, கலப்பு

பள்ளிப் பாடப்புத்தகத்தில் மரபியல் மெண்டலின் பட்டாணியோடு ஆரம்பிக்கிறது. நெட்டைக்கு ‘ஓங்கு பண்பு’, குட்டைக்கு ‘ஒடுங்கு பண்பு’, கலக்காத செடிக்குத் ‘தூய வழி’. கலைச்சொல்தானே என்று நாம் கடந்துபோகிறோம். சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கோ இந்தச் சொற்கள் வகுப்பறைக்கு வெளியேயும் கேட்கின்றன. மூலக்குளத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லித் தருகிறேன். “சார், அப்ப சாதியும் ஜீன்லதான் வருதா?” என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடுகிறது. நான் படித்தபோது இதைக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. “படிப்பு உங்க ரத்தத்துல இல்லடா” என்று வாத்தியாரே பதில் சொல்லிவிட்டார்.

‘ஓங்கு’ என்றால் உசத்தி என்று பொருளில்லை. கலப்புச் செடியில் வெளியே தெரிகிற பண்பு, அவ்வளவுதான். மெண்டல் 1866இல் அச்சிட்ட கணக்கில், கலப்புக்கு அடுத்த தலைமுறையின் 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஒடுங்கியது அழியவுமில்லை, கெட்டுப்போகவுமில்லை. மறைந்திருந்து அப்படியே திரும்பி வந்தது. பாடம் இதைச் சொல்கிறது. பாடம் நடத்துகிறவர்தான் சொல்வதில்லை.

இந்த இடத்தில்தான் ஜானகி அம்மாளை நான் வகுப்புக்குள் கூட்டி வருகிறேன். 1897இல் தலச்சேரியில் தீயர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சப் ஜட்ஜ், வசதியான வீடு. சேரியில் பிறந்தவர் என்று நாம் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் மலபாரில் தீயருக்கும் தீட்டின் தூரம் அளந்து வைத்திருந்த காலம் அது. சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார், பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. அங்கே ஏற்கெனவே ஒரு சேதி நடந்திருந்தது. சாறு நிறைந்த தடித்த கரும்புக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் ‘நோபிள்’, அதாவது உயர்குலம். அது இனிக்கும், ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் தாங்காது. ஆத்தங்கரையில் யாரும் சீண்டாத பேய்க்கரும்பை அதோடு சேர்த்துத்தான் பார்பரும் வெங்கட்ராமனும் கோ 205 ரகத்தை உண்டாக்கினார்கள். வடநாட்டு வயல்களில் நின்று பிடித்தது அந்தக் கலப்பு. உயர்குலக் கரும்புக்கு 80 குரோமோசோம். பேய்க்கரும்புக்கோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை. ஜானகி அம்மாள் இந்த எண்ணிக்கைக்குள் இறங்கினார். கரும்பை மக்காச்சோளம் போன்ற வேறு பேரினத்துப் புற்களோடும் கலந்து பார்த்தார். தனித்து வாழ்ந்த கீழ்ச்சாதிப் பெண்ணுக்கு, ஆண்கள் நிறைந்த அந்த நிலையத்தில் இருப்பு சுலபமாக இல்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உயர்குலமும் கீழ்க்குலமும் கலந்தால் செடியில் ஆதாயம், மனுசரில் தீட்டு. இதுதான் நம் நாட்டு விஞ்ஞானம் வாழ்ந்த லட்சணம்.

1940இலிருந்து இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிலையம், பிறகு விஸ்லி தோட்டம். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். பூவையும் இலையையும் மட்டும் பார்த்து வகை பிரித்த தாவரவியலுக்கு, உள்ளே எண்ணிப் பார்க்கிற வழியை அந்தப் புத்தகம் பலப்படுத்தியது. ஆனால் அதே டார்லிங்டன்தான் பின்னாளில் இன, வர்க்க வேறுபாடுகளுக்கெல்லாம் மரபணுவையே காரணம் காட்டினார். ஒரே மேசை, ஒரே நுண்ணோக்கி. விஞ்ஞானம் தானாக யாரையும் விடுதலை செய்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் இருந்த 1936இல்தான் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையை அச்சிட்டார். இனத்தூய்மைக்காகவே சாதி என்ற வாதத்தை அதில் உடைத்தார். கலப்பு மணம் இனத்தைக் கெடுக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், சேர்ந்து சாப்பிடுவதை ஏன் தடுக்கிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த மரபியலும் பதில் தரவில்லை.

ஆனால் நாம் ஒரு பொறியில் விழக்கூடாது. கலப்புக் கரும்பு வீரியமானது, ஆகவே சாதி ஒழியணும் என்று பேசினால் அவர்கள் தராசையே நாமும் தூக்குகிறோம். மனுசர் ஒரே இனம். சாதி கரும்பு ரகம் அல்ல, அது அதிகாரம் போட்ட வேலி. சமத்துவம் கேட்க நமக்கு வீரியச் சான்றிதழ் வேண்டாம். ‘தூய்மை’ என்று விஞ்ஞான வேஷம் போட்டு வருகிறவனிடம் அந்த வேஷத்தைக் களையத்தான் இந்த வரலாறு வேண்டும்.

நேரு அழைத்து 1951இல் நாடு திரும்பியவர், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைத்தார். கடைசிக் காலத்தில் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளோடு இருந்து 1984இல் இறந்தார். மூலக்குளத்துக்கு மேற்கே வில்லியனூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக் கை கிழிந்தவர்களின் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கரும்புக்குள் பேய்க்கரும்பின் குரோமோசோம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. பட்டாணிக்கு அடுத்த பாடமாக அதை எழுதுங்கள். எழுத மாட்டார்கள் என்றால், நாம்தான் நடத்தணும்.