மேசைமேல் கிடக்கும் துப்பாக்கி: ஒரு விதியின் வரலாறு

கைத்துப்பாக்கி சுடும் போட்டிக்கு 1896-ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிலேயே இடம் இருந்தது. அங்கே வீரர் நின்ற இடத்தில் நின்று, அசையாத இலக்கை நோக்கிச் சுட்டார். ஓடியும் குனிந்தும் நொடிகளோடு போராடியும் சுடும் முறையோ அதற்கு நெடுங்காலம் பின்னரே தோன்றியது. செயல்முறைச் சுடுபோட்டி எனப்படும் அம்முறையின் பிறப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமாகும்.

1950-களின் பிற்பகுதியில், அம்மாநிலத்துப் பிக் பேர் என்னும் மலையூரில் ஜெப் கூப்பர் என்பார் ஒரு போட்டியைத் தொடங்கினார். உறையிலிருந்து துப்பாக்கியை விரைந்து உருவிச் சுடுவதே அதன் நோக்கம். பலர் இடுப்பளவில் ஒரு கையால் சுட்டு, விரைவை மட்டும் நம்பிக் குறி தவறினர். ஜாக் வீவர் என்னும் காவலரோ இரு கைகளாலும் பற்றி, கண்ணுக்கு நேரே உயர்த்திச் சுட்டு வென்றார். குறி தவறிய விரைவு வீண் என்பதை அவ்வெற்றி உணர்த்தியது.

1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் பல நாட்டினர் கூடி அனைத்துலகச் செயல்முறைச் சுடுதற் கூட்டமைப்பை நிறுவினர். கூப்பரே அதன் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், விரைவு ஆகிய மூன்றும் அதன் குறிக்கோளாயின. போட்டிக் கட்டங்கள் ஒன்றுபோல் ஒன்று அமையாது வேறுபட வேண்டும் என்பதும் அதன் கொள்கை. ஆகவே, உறையிலிருந்து தொடங்கும் கட்டங்களோடு, மேசைமேல் வைத்த துப்பாக்கியை எடுத்துத் தொடங்கும் கட்டங்களும் இடம்பெற்றன.

இம்மாற்றம் எளியதுபோல் தோன்றும். ஆனால் ஆழ்ந்து நோக்கின் அதன் இடர் விளங்கும். உறையானது துப்பாக்கியின் குழல்வாயை ஒரே திசையில் அடக்கி, விசையையும் மூடிக் காக்கிறது. மேசைக்கு அக்காவல் இல்லை. வலக்கையர்க்கு ஏற்றவாறு கிடக்கும் துப்பாக்கி இடக்கையர்க்கு ஏற்காது. விரைந்து எடுப்பவரின் மற்றொரு கை குழல்வாயின் முன்னே குறுக்கிடலாம். விளிம்பில் வைத்தால் கீழே விழலாம்.

எனவே, உறை செய்த காவலை விதி செய்ய வேண்டியதாயிற்று. துப்பாக்கி எந்த இடத்தில், எந்நிலையில் இருக்க வேண்டும், தோட்டா நிரப்பியதா, வெறுமையானதா என்பனவற்றைக் கட்டத்தின் எழுத்துக் குறிப்பே வரையறுக்கிறது. நடுவர் ஆணையிட்ட பின்னரே, அவர் கண்முன், வீரர் தம் துப்பாக்கியை மேசைமேல் வைப்பார். குழல்வாய் மண்மேட்டை நோக்கியிருக்கும். ஒலி எழும் வரை அதனைத் தொடலாகாது. எடுத்தபின் குழல்வாய் 90 பாகைக்கு மேல் பின்னோக்கித் திரும்பினால் வீரர் போட்டியினின்று நீக்கப்படுவார்.

துப்பாக்கியைத் தவறவிட்டாலும் தட்டிவிட்டாலும் அதே தண்டனைதான். அது வெறுமையாயினும் விலக்கில்லை. விழுந்ததை எடுத்துச் சோதிப்பவர் நடுவரே. இது கடுமை எனச் சிலர் கருதலாம். ஆயினும், விழும் துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்கும் கை விசையின்மேல் படக்கூடும் அல்லவா? மேலும், வெறுமை என எண்ணிய துப்பாக்கியே பல உயிர்களைக் குடித்துள்ளது. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதே எனக் கொள்ள வேண்டும் என்று கூப்பர் கற்பித்ததன் காரணமும் இதுவே.

கட்டத்திற்கு வெளியேயும் இவ்வெச்சரிக்கை தொடர்கிறது. துப்பாக்கியைக் கையாளவென ஒதுக்கிய பாதுகாப்பு இடத்தில் தோட்டாவைத் தொடுதல் குற்றம். பிற இடங்களில் தோட்டாவைத் தொடலாம், நடுவர் ஆணையின்றித் துப்பாக்கியைத் தொடலாகாது. இரண்டும் மேற்பார்வையின்றி ஒரு கையில் சேராதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

விரைவை நாடிப் பிறந்த விளையாட்டு, தன் கடுமையான தண்டனையைத் தாமதத்திற்கு வைக்கவில்லை; கவனக்குறைவுக்கே வைத்தது. தாமதித்தவர் சில புள்ளிகளை இழப்பார். அடுத்த கட்டத்தில் அவற்றை ஈடுசெய்யலாம். குழல்வாயின் முன் நிற்கும் உயிரை இழந்தால் ஈடுசெய்ய வழியில்லை. விரைவைக் கற்பிப்போர் எவராயினும், நிறுத்தத்தை முதலில் கற்பிக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.