யந்திர லயம்: ஒரு சிறு சரித்திரம்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரும் வந்து வடம் பிடித்து இழுத்தார். புதுச்சேரிச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். தேருக்கு முன்னால் தவில் வாசித்தவர் யார் என்று நான் படித்தவற்றில் எதுவும் சொல்லவில்லை. இன்று வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நான் போன சின்னக் கோயில்கள் சிலவற்றில் தவில்காரரே இல்லை. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடி, முரசையும் மணியையும் சேர்த்து அடிக்கிறது.

இந்த யந்திரம் பிசகாமல் அடிப்பதால்தான் உயிரில்லாமல் இருக்கிறது என்பார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் தளர்கிறது, தாளமும் பிசகுகிறது. அப்போதும் அதை மனிதன் வாசிப்பதாக யாரும் மயங்குவதில்லை. பிசகு மட்டும் போதாது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

நிரலில் எழுதிய தாளத்தை மனிதன் வாசித்தது போல ஆக்கும் முயற்சிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1980இல் அமெரிக்கரான ரோஜர் லின் செய்த எல்எம்-1 கருவி, நிஜ டிரம்களின் ஒலிப்பதிவுகளையே உள்ளே வைத்திருந்தது. லின் கண்ட உபாயம் எளியது. ‘தகதிமி’யில் ‘க’வையும் ‘மி’யையும் மட்டும் சற்றுத் தாமதப்படுத்துவது. தாமதம் கூடக்கூட சதுஸ்ரம் திஸ்ரத்தின் சாயலைப் பெறும். இது பிசகே அல்ல, ஒரு நடை. (1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை ரோலண்ட் 808இன் டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். யந்திரத்துக்கு மனித வேஷம் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதுவும் ஒரு நேர்மை.)

பின்னால் வந்த மென்பொருள்கள் காரியத்தை மலினப்படுத்திவிட்டன. ஒவ்வொரு தட்டையும் சில மில்லிவிநாடி முன்னும் பின்னும் கண்டபடி சிதறவிட்டால் மனிதத்தன்மை வந்துவிடும் என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். மனிதன் என்றால் பிழை என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் தத்துவம். 2011இல் ஜெர்மனியில் ஹோல்கர் ஹென்னிக்கும் சகாக்களும், கானா நாட்டுத் தாளக்காரர் ஒருவர் மெட்ரோனோமுக்கு இசைந்து வாசித்ததை அளந்து பார்த்தார்கள். அவருடைய விலகல்கள் சிதறலாக இல்லை. ஒவ்வொன்றும் வெகுதூரம் முன்னால் போன விலகல்களோடு தொடர்பு கொண்டிருந்தது. கேட்பவர்களும் வெறும் சிதறலைவிட இப்படித் தொடர்புள்ள விலகலையே விரும்பினார்கள். 2014இல் ஹென்னிக் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இருவர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவர் விலகல் இருவருடைய கடந்த தட்டுகளையும் சார்ந்திருப்பதைக் காட்டியது. நாதஸ்வரக்காரர் மூச்சை நீட்டும்போது தவில் ஒரு நூலிழை காத்திருப்பதைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

தமிழ் சினிமாவில் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு நிரல் தாளம் சாதாரணமாகிவிட்டது. ரஹ்மானின் வழி கெட்டிக்காரத்தனமானது. அடியில் யந்திரத்தை யந்திரமாகவே ஓடவிட்டு, அதன்மேல் கைகள் வாசித்ததை அடுக்கினார்.

பாகூர்ப் பக்கத்துக் கல்யாணக் கச்சேரியொன்றில் இதற்கு நேர்மாறானதைக் கேட்டேன். ரிதம் பேடில் குச்சியால் அடித்தவர் நல்ல லயக்காரர். காலம் மனிதனுடையது, ஒலி பெட்டியினுடையது. தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் ஒரே சொல்லை இரண்டு முறை ஒரே மாதிரி எழுப்புவதில்லை. பேடில் பதிந்திருந்ததோ ஒரே தட்டு, நூறு தடவை. இப்போதைய மென்பொருள்களில் ஒரே தட்டுக்குப் பல பதிவுகளை வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறார்கள். இது ஓரளவு பயன் தருகிறது.

நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. முதலில் விரலால் வாசித்துப் பதிகிறார்கள். பிறகு தட்டுகளைக் கட்டத்துக்குள் தள்ளிச் சரி செய்கிறார்கள். பிறகு பிசகைச் சேர்க்கிறார்கள். பின்னிரண்டு வேலைகளையும் விட்டுவிடலாம். ஆனால் அப்போது, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்தாக வேண்டும்.