வேகத்தடை வந்த கதை

தேரோடும் ஊர்க்காரர்களான நமக்கு, ஓடும் வண்டியைக் குறுக்கே ஒரு மேடு வைத்து அடக்குவது புதிய சங்கதி அல்ல. சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் தைத் தேர் உத்திர வீதிகளிலும் வரும்போது, கையில் முட்டுக்கட்டையோடு சக்கரத்தை ஒட்டியே சிலர் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பத்தில் கட்டையைச் சொருகுவார்கள், தேர் தயங்கித் திரும்பும், மறு நொடி கட்டையை எடுத்துவிடுவார்கள். திருவாரூர் ஆழித் தேருக்கு நம் ஊர் பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே அமைத்துக் கொடுத்திருக்கிறது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சாலையில் நாம் போடும் கட்டையை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் வித்தியாசம். பறந்து வருகிற பையனுக்கும், கீரைக்கட்டோடு மிதித்து வருகிற சைக்கிள்காரருக்கும், ஆம்புலன்ஸுக்கும் அதே மேடுதான்.

நம் காம்பவுண்டுக்குள் இருக்கும் மூன்று மேடுகள் பற்றிச் சங்கத்துக்கு இரண்டு கடிதங்கள் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று, பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளையின் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் அடிவயிறு தேய்ந்துபோனது பற்றியது. இன்னொன்று, இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பாட்டியம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் பட்ட பாடு பற்றியது. முதல் கடிதத்தைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒரே கடிதமாகத்தான் தெரிந்தன. ஏன் என்று சொல்வதற்கு இந்த மேடுகளின் பூர்வ கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

மோட்டார் வண்டி வந்த புதிதில் வேகத்தைச் சட்டத்தால் அடக்கத்தான் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 1865-இல் வந்த சட்டம், குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான் போகலாம் என்றது. அதற்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்றும் சொன்னது. 1896-இல் அந்த வரம்பு 14 மைல் வரை உயர்ந்தது, 1903-இல் 20 மைல் ஆனது. நம் நாட்டில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருக்கும், வண்டி சாலையில் இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் போலீஸ்காரரை நிறுத்த எந்த ஊராலும் முடியாது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் சாத்தம் என்ற சிற்றூர் இதற்கு ஒரு வழி கண்டது. 1906-இல் அங்கே மக்கள் சாலையைக் கடக்கும் இடங்களைச் சாலை மட்டத்திலிருந்து 5 அங்குலம், அதாவது சுமார் 13 செ.மீ., உயர்த்தத் திட்டமிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் செய்தியாக வருமளவுக்கு அது புதுமை. அந்தக் காலத்துக் கார்களைப் படத்தில் பார்த்தால், பெரிய சக்கரத்தின் மேல் குதிரை வண்டி மாதிரி உயரமாக நிற்கும். வயிறு தேயும் கவலை அப்போது யாருக்கும் இருந்திருக்காது. உள்ளே இருப்பவர்தான் எகிறி விழுவார்.

அடுத்து வருகிறவர் பெரிய ஆள். ஆர்தர் காம்ப்டன் என்ற இயற்பியலாளர், 1927-இல் நோபல் பரிசு பெற்றவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக இருந்தார். தம் அலுவலகம் இருந்த புரூக்கிங்ஸ் மண்டபத்துக்கு முன்னால் கார்கள் பறப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், 1953-இல் தாமே கணக்குப் போட்டு ஒரு மேட்டை வடிவமைத்தார். ‘போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மேடு’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

நோபல் பரிசு பெற்றவருக்கு ரோட்டு மேட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். அதைவிட நமக்குச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. காம்ப்டனின் ஆராய்ச்சிக்கும் நம் திருவானைக்காவலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரானில் பட்டுச் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மாறுகிறது என்று கண்டவர் காம்ப்டன். சாதாரண ஒளியிலும் இதற்கு இணையாக ஒன்று நடக்க வேண்டும் என்று தேடி, 1928 பிப்ரவரி 28-இல் கண்டுபிடித்தவர் சர் சி.வி. ராமன். 1888 நவம்பர் 7-இல் திருவானைக்காவலில் பிறந்தவர். 1924-இல் டொரன்டோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்க மாநாட்டில் காம்ப்டனின் கண்டுபிடிப்பு பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தபோது ராமனும் அங்கே இருந்தார். 1907 முதல் பத்து வருடம் அரசாங்க நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்துகொண்டே மாலை வேளைகளில் ஆராய்ச்சி செய்தவர் அவர். லெட்ஜரோடு ஆயுளைக் கழித்த என் போன்றவர்களுக்கு அதைச் சொல்வதில் ஒரு சின்னப் பெருமை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேட்டுக்கு வருவோம். காம்ப்டனுக்குப் பிறகு இதை முழு ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் அரசு சாலை ஆராய்ச்சிக் கூடம். அங்கே வாட்ஸ் என்பவர் பல வடிவங்களில் மேடுகள் போட்டு, பல வகை வண்டிகளைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்து, 1973-இல் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது.

குறுகலான, செங்குத்தான மேட்டில் கார் வேகமாகப் போனால் உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் குறையும். சக்கரம் சட்டென்று ஏறி இறங்கிவிட, அந்த அடியை ஸ்பிரிங் விழுங்கிவிடுகிறது. மெதுவாகப் போனால் மொத்த வண்டியும் ஏறி இறங்கும். ஆகவே குறுகல் மேடு வேகக்காரருக்குச் சலுகை தருகிறது, நிதானக்காரருக்கு அபராதம் போடுகிறது. பல்சர் பையன்கள் மேட்டைக் கண்டதும் பிரேக் போடாமல் பின்பக்கத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு பறப்பதன் ரகசியம் இதுதான். அகலமான, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேட்டில் இது தலைகீழ். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது, வேகம் கூடக் கூடக் குலுக்கல் கூடும். வாட்ஸ் சிபாரிசு செய்தது 12 அடி அகலமும் 4 அங்குல உயரமும் கொண்ட வட்ட வில் வடிவம். இங்கிலாந்துக்காரர்கள் வேகத்தடைக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘தூங்கும் போலீஸ்காரர்’. 12 அடி என்றால் இரண்டு போலீஸ்காரர்கள் தலையும் காலும் தொட்டுப் படுத்த நீளம்.

நம் நாட்டில் சாலைகளுக்கான இலக்கணம் எழுதுவது 1934-இல் தொடங்கிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ். பெயரில் காங்கிரஸ் இருந்தாலும் கட்சி அல்ல, பொறியாளர்கள் சபை. 1988-இல் அது வெளியிட்ட 99-ஆம் எண் வழிகாட்டி வேகத்தடைகளைப் பற்றியது. 2018-இல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. 1988 வழிகாட்டியின் அளவுகள் இவை: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வட்டத்தின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சங்கடமில்லாமல் கடக்கலாம். மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடிக்க வேண்டும், 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் இந்த மேடுகளுக்கு இடமே இல்லை. குடியிருப்புத் தெரு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சிறு சாலை பெரிய சாலையில் சேரும் இடம், இவற்றுக்கு மட்டும்தான்.

இனி நம் மாப்பிள்ளையின் காருக்கு வருகிறேன். வணிகவியல் படித்தவனுக்கு வரும் அளவுக்குத்தான் இந்தக் கணக்கு, பொறியாளர்கள் சரிபார்க்கலாம். ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 12 செ.மீ. உயரத்தில் இருக்கும். நாம் ஓட்டும் சாதாரணக் கார்களுக்கு 16 முதல் 18 வரை. போர்ஷ் 911 என்ற காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர். அது 3.7 மீட்டர் அகல மேட்டில் ஏறினால் ஒரு கட்டத்தில் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். அப்போது இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மேடு எவ்வளவு புடைத்திருக்கும்? இடைவெளியில் பாதி 1.225, அதன் வர்க்கம் 1.5, அதை ஆரத்தின் இரு மடங்கான 34-ஆல் வகுத்தால் 0.044. நாலரை செ.மீ. கூட இல்லை. 12 செ.மீ. உயரக் கார் தாராளமாகப் போகலாம். முகப்பு இடிக்குமோ என்றும் பார்த்தேன். முன் சக்கரம் மேட்டைத் தொடும்போது முகப்பு அதற்கு ஒரு மீட்டர் முன்னால் இருப்பதாக வைத்தால், அந்த இடத்தில் மேட்டின் உயரம் 8 செ.மீ.தான்.

நம் கேட் அருகில் உள்ள மேட்டை டேப் வைத்து அளந்தேன். அகலம் 40 செ.மீ., உயரம் 15 செ.மீ. இது முழுசாக இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே வந்து உட்காரும். 12 செ.மீ. வயிறு 15 செ.மீ. மேட்டின் மேல் எப்படிப் போகும்? நத்தை வேகத்தில் போனாலும் தேயத்தான் செய்யும். ஆக அந்தப் பையன் ஓட்டியதில் குற்றம் இல்லை.

இம்மாதிரிக் கார்களை ஓட்டுபவர்கள் மேட்டை நேராக ஏறாமல் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவார்கள். ஓரளவுக்குப் பலன் உண்டு. ஆனால் அம்மா மண்டபம் சாலையில் அப்படி வண்டியைத் திருப்பினால் பின்னால் வரும் டூவீலர் கதவில் வந்து நிற்கும். விலை உயர்ந்த கார்களில் பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் 4 செ.மீ. உயரும் வசதி இருக்கிறது. போர்ஷின் புதிய கார்கள் சிலவற்றில், எந்த இடத்தில் உயர்த்தினோம் என்பதைச் செயற்கைக்கோள் வழி நினைவில் வைத்து, அடுத்த முறை தானே உயர்த்திக்கொள்கிறதாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு சுற்று வந்தால் அதன் ஞாபகசக்திக்குப் பெரிய சோதனைதான்.

இப்படிக் குறுகல் மேடு நம்மிடம் ஏன் பழக்கமானது? என் எண்ணம் இது. நம் தெருக்களில் மேடு பெருகிய காலத்தில் ஓடியவை அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்புறம் பஸ், லாரி. தாழ்வான காரை வெளிநாட்டிலிருந்து இறக்குவது லேசான காரியம் அல்ல. சச்சின் டெண்டுல்கருக்கு 2002-இல் பரிசாக வந்த ஃபெராரிக்கே சுங்க வரி விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. விபத்து நடந்த மறுநாள் ஊரார் மறியல் செய்வார்கள், அன்று மாலைக்குள் ஒரு மேடு முளைக்கும். மிச்சமிருக்கும் ஜல்லியும் தாரும் எவ்வளவோ அவ்வளவுதான் அளவு. 3.7 மீட்டர் அகலத்துக்குப் பொருள் அதிகம், மட்டம் பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். 40 செ.மீ. என்றால் ஒரு கொத்தனார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

அதற்கு நாம் கொடுக்கும் விலை சின்னது அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2015-இல் மட்டும் வேகத்தடை தொடர்பான விபத்துகளில் இறந்தவர்கள் 3,409 பேர். அதே ஆண்டு சாலைப் பள்ளங்களால் இறந்தவர்கள் 3,416 பேர். பள்ளமும் மேடும் கிட்டத்தட்ட சரிசமம். பள்ளத்துக்கு நாம் மாநகராட்சியைத் திட்டுகிறோம், மேட்டை நாமே மனுக் கொடுத்துப் போட்டுக்கொள்கிறோம். பாதிக்கப்படுவது அநேகமாக டூவீலர்காரர்களாகத்தான் இருக்கும், அதிலும் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண்கள். பட்டை அடிக்காத மேடு இருட்டில் தெரியாது.

மேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி பிளாக் முன்னால் சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். டெலிவரி வண்டிகள் வரும் வேகத்துக்கு அங்கே ஒரு மேடு கட்டாயம் வேண்டும். அதே பிள்ளைகளின் பாட்டிதான் ஆம்புலன்ஸில் போனவர். குறுகல் மேட்டில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் போக முடியும், ஊர்ந்தாலும் முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று படுத்திருப்பவருக்கு மேட்டுக்கு இரண்டு அடி. மூன்று மேட்டுக்கு ஆறு.

கேட்டிலிருந்து பி பிளாக் திருப்பம் வரை அளந்ததில் 46 மீட்டர் வருகிறது. சாலைகள் காங்கிரஸ் வழிகாட்டி, அடுத்தடுத்து மேடு போடுவதானால் 100 முதல் 120 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது. அந்தக் கணக்கில் நமக்கு வேண்டியது ஒரே மேடு, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குச் சற்று முன்பாக. அங்கே 3.7 மீட்டர் அகலம் தாராளமாகக் கிடைக்கிறது. மழைநீர் வடிகால் மூடிக்கு மேல் வராமல் இரண்டு அடி தள்ளிப் போட வேண்டியிருக்கும். பழைய மூன்றையும் உடைத்து அள்ளவும், புதிதாக ஒன்று போட்டுப் பட்டை அடிக்கவும் இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறேன். வந்ததும் பொதுக்குழுவுக்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். மேட்டின் அடியில் இருபுறமும் தண்ணீர் தேங்காமல் இருக்க எவ்வளவு சரிவு விட வேண்டும் என்பது மட்டும் என் கணக்குக்கு எட்டவில்லை. சி பிளாக்கில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருவர் இருக்கிறார்கள், அவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொன்னால் நல்லது.