பெரியப்பாவின் துப்பாக்கியும் ஒரு பிளாஸ்டிக் கட்டையும்

எங்க பெரியப்பாகிட்ட ஒரு துப்பாக்கி இருக்கு. லைசென்ஸ் உள்ளதுதான், பயப்படாதீங்க :-) ஒத்தைக் குழல், 12 போர். பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்ததும் ஒரு பேங்க்ல காவலுக்குச் சேர்ந்தார். அந்த வேலைக்கு சொந்தமா துப்பாக்கி வேணும்னு வாங்கினது. இருபது வருஷம் பேங்க் வாசல்ல தோள்ல மாட்டிக்கிட்டு நின்னார். ஒரு தடவை கூட யாரையும் சுட்டதில்ல. அதுல அவருக்கு ரொம்பப் பெருமை.

சின்னப் புள்ளையில எங்களுக்கு அதைத் தொட அனுமதி கிடையாது. ஞாயித்துக்கிழமை அவர் எண்ணெய் போடும்போது தள்ளி உக்காந்து பாக்கலாம், அவ்வளவுதான். பேரலுக்கு ஒரு எண்ணெய், கட்டைக்கு ஒரு எண்ணெய். கட்டைக்குப் போடுறது ஆளிவிதை எண்ணெய். பட்டாளத்துல பழகினது. உள்ளங்கைச் சூட்டுலயே தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க அந்த மரத்துல கோடுகோடா ரேகை எழும்பி வரும். அவ்வளவு அழகு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்க பக்கத்து ஆளுங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட நடுவுல நின்னு போச்சு. தாமிரபரணி ரெண்டு கரையையும் தாண்டி வந்துச்சு. ஆழ்வார்திருநகரியில பெரியப்பா வீட்டுக்குள்ளயும் இடுப்பளவு தண்ணி. பெரியவங்க ரெண்டு பேரும் மாடி வீட்டுக்காரங்க தயவுல தப்பிச்சாங்க. துப்பாக்கி மட்டும் பீரோவுக்குள்ள, சேறும் தண்ணியுமா ரெண்டு நாள்.

இரும்பு பிழைச்சுக்கிச்சு. மண்ணெண்ணெய் விட்டு, துருவத் தேய்ச்சு, எண்ணெய் போட்டா பேரல் பழையபடி ஆயிருச்சு. மரம்தான் பிழைக்கல. ஊறி உப்பிப் போன கட்டை, காயக் காய முறுக்கிக்கிட்டு, கையால பிடிக்கிற அந்தக் கழுத்துப் பகுதியில நீளமா வெடிச்சுப் போச்சு.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில கொண்டு போய்க் காட்டினோம். கடைக்காரர் சொன்னது: "மரத்துல வேணும்னா ஆள் வெச்சு செதுக்கணும் சார், நாளாகும். ஃபைபர் கட்டை ஒண்ணு ரெடியா இருக்கு. இன்னைக்கே மாட்டிரலாம்."

எடுத்துக் காட்டினார். கன்னங்கரேல்னு, மொழுமொழுன்னு, அச்சுல வார்த்த கோடு ஓரத்துல தெரிய... பெரியப்பா அதைத் தட்டிப் பாத்தார். டொக் டொக்னு காலி டப்பா மாதிரி சத்தம்.

"ஏலே, இது துப்பாக்கிக் கட்டையால? பிளாஸ்டிக் கொடம்லா இது!"

அன்னைக்கு ராத்திரி பெங்களூர் பஸ்ல தூக்கம் வரல. இந்தக் 'கொடம்' எப்படி துப்பாக்கிக்குள்ள வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சவன்தான். படிச்சதை எழுதாட்டி எனக்கு ஜீரணம் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமே.

முதல்ல ஒரு விஷயம். மரம் செத்தாலும் சும்மா இருக்காது. காத்துல ஈரம் இருந்தா குடிக்கும், வெயில் அடிச்சா விட்டுரும். நம்ம வீட்டுக் கதவு ஐப்பசி கார்த்திகையில இறுகிக்கிட்டு சாத்த வராதே, அதேதான். கதவுன்னா நாலு நாள் திட்டிட்டு விட்டுரலாம். ரைபிளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கட்டை ஒரு பக்கமா உப்பி பேரலை லேசா நெட்டினாப் போதும், குண்டு போய் விழுற இடம் மாறிரும். நேத்து சரியா சுட்ட துப்பாக்கி இன்னைக்கு மழையில தப்பா சுடும். சுட்டவன் தன் கையைத்தான் சந்தேகப்படுவான்.

இந்த வம்பு எல்லா நாட்டு ராணுவத்துக்கும் தெரியும். ஜெர்மன்காரங்க 1930களோட கடைசியிலேயே ஒத்தை மரத்தை விட்டுட்டு, மெல்லிசு மெல்லிசா பலகையை ஒட்டின கட்டைக்கு மாறினாங்க. கிட்டத்தட்ட நம்ம பிளைவுட்தான். வங்காளத்துல இருக்கிற இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில .303 செஞ்சவங்க வேற வழி பண்ணாங்க. இந்தியச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் கட்டை பிளக்காம இருக்க, முன் கட்டையில குறுக்கால ஒரு ஸ்க்ரூவைப் போட்டு இறுக்குனாங்க. துப்பாக்கி சேகரிக்கிறவங்க இன்னைக்கும் அதை 'இஷாப்பூர் ஸ்க்ரூ'ன்னே சொல்றாங்க. பாக்க அசிங்கம்தான், ஆனா வேலை நடந்துச்சு.

பிளாஸ்டிக் துப்பாக்கி பெரிய அளவுல சந்தைக்கு வந்தது 1959இல். அமெரிக்காவோட ரெமிங்டன் கம்பெனி அப்போ டூபாண்ட் கையில இருந்துச்சு. நைலானைக் கண்டுபிடிச்ச அதே டூபாண்ட். அவங்க நைலான்லயே கட்டை மட்டுமில்ல, பெரும்பாலான உடம்பையும் வார்த்து ஒரு .22 ரைபிள் விட்டாங்க. பேரு 'நைலான் 66'. எடை சுமார் 1.8 கிலோதான். எண்ணெய் போட வேண்டியதில்லை.

ஆனா கம்பெனிக்கே ஒரு பயம், ஜனங்க சிரிப்பாங்கன்னு. அதனால பிளாஸ்டிக்குல மரம் மாதிரி பழுப்பு நிறம் கலந்தாங்க. மேல ஒரு இரும்பு மூடி போட்டாங்க. அந்த மூடி பெரும்பாலும் கண்ணுக்குத்தான், உள்ள இருக்கிறது நைலான்தான்னு வெளியில தெரியாம இருக்க. அப்புறம் அந்தக் கம்பெனி ஆள் டாம் ஃப்ரைன்னு ஒருத்தர், அதே வருஷம் மேல தூக்கிப் போட்ட சின்ன மரத்துண்டுகளைச் சுட்டு விளம்பரம் பண்ணார். மொத்தம் 1,00,010 துண்டு. தவறினது வெறும் ஆறு! பிளாஸ்டிக் துப்பாக்கியை நிரூபிக்க மரத்தையே சுட்டிருக்காங்க பாருங்க. கடைசியில அந்த ரைபிள் பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு.

பெரிய ரைபிளுக்கு பாடம் கத்துக் கொடுத்தது வியட்நாம். 1966இல் அமெரிக்க மரைன் படை தொலைதூரம் சுடுற ஆட்களுக்கு எம்40னு ஒரு ரைபிள் கொடுத்தாங்க. அடிப்படையில அது ரெமிங்டனோட வேட்டை ரைபிள், அழகான வால்நட் மரக் கட்டை. அந்த நாட்டு மழைக்கும் புழுக்கத்துக்கும் மரம் ஊறி முறுக்கிருச்சு. 1970கள்ல வந்த அடுத்த மாடல்ல கட்டையை ஃபைபர் கிளாஸ்ல மாத்திட்டாங்க. அதுக்குப் பிறகு வேட்டைக்காரங்களும் மாற ஆரம்பிச்சாங்க. மலையில பனியில நாலு நாள் அலைஞ்சு ஒரே ஒரு குண்டு சுடுறவனுக்கு, அந்த ஒரு குண்டு நினைச்ச இடத்துல விழணும். ரேகை அழகா அப்போ யோசிப்பான்?

நம்ம கதைக்கு வருவோம். இங்க வேட்டைத் துப்பாக்கிக் கதை ஆரம்பத்துல இருந்தே அரசாங்கக் கதை. நம்ம சீமையில அது ரொம்பப் பழசு. பாளையக்காரர்கள் போர் முடிஞ்ச கையோட, 1801 டிசம்பர்ல கவர்னர் கிளைவ் (ராபர்ட் கிளைவோட மகன்) பாளையங்கள்ல ஆயுதமே கூடாதுன்னு பிரகடனம் போட்டார். அப்புறம் 1878இல் நாடு முழுக்க ஆயுதச் சட்டம். ராணுவத்தோட .303 தோட்டா தனி ஆள் கையில இருக்கக் கூடாதுன்னு ஒரு தடை. அதனாலதான் .315னு ஒரு அளவு இங்க பரவுச்சு. சுதந்திரத்துக்குப் பிறகும் இஷாப்பூர்ல அந்த .315 ரைபிளை மரக் கட்டையோடவே செஞ்சாங்க. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, வேட்டைக்குக் கதவு சாத்தியாச்சு. தாமிரபரணி பிறக்கிற மலையில முண்டந்துறை 1962லயே புலிகள் சரணாலயம். 1988இல் களக்காட்டையும் சேர்த்து புலிகள் காப்பகம் ஆச்சு. அதாவது உலகத்துல வேட்டைக்காரன் மரத்தை விட்டு பிளாஸ்டிக்குக்கு மாறுற நேரத்துல இங்க வேட்டையே முடிஞ்சு போச்சு. அதான் நமக்கு 'வேட்டைத் துப்பாக்கி'ன்னாலே ஜமீன் போட்டோவுல இருக்கிற பளபள மரக் கட்டைதான் ஞாபகம் வருது.

பட்டாளத்துல மட்டும் அந்த மாற்றம் மெதுவா வந்துச்சு. 1962 சீனப் போர்ல நம்ம ஆளுங்க கையில பெரும்பாலும் .303. அதுக்கப்புறம் எஸ்.எல்.ஆர். இதே ரைபிளை பிரிட்டிஷ்காரங்க முதல்ல மரத்துல செஞ்சு, பிறகு கண்ணாடி நார் கலந்த நைலான் கட்டைக்கு மாறிட்டாங்க. நாம கடைசி வரை மரம்தான். 1960கள்ல ஆரம்பிச்ச திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க பிறகு இன்சாஸும் செஞ்சாங்க. அந்த இன்சாஸ்ல பிளாஸ்டிக் வந்துச்சு.

பிளாஸ்டிக் ஜெயிச்சதுன்னு இத்தோட முடிச்சிருவேன்னு பாத்தீங்களா? 1999 கார்கில்ல அந்த இன்சாஸோட பிளாஸ்டிக் மேகசின் குளிர்ல விரிசல் விட்டுச்சு. மரம் ஈரத்துல ஏமாத்தும்னா, தப்பான பிளாஸ்டிக் பனியில ஏமாத்தும். பொருள் புதுசுங்கிறதுக்காக மட்டும் நம்ப முடியாது. எந்த ஊர்ல, எந்தக் குளிர்ல, யார் கையிலன்னு பாத்து செய்யணும். (சாஃப்ட்வேர்லயும் இதே கதைதான், அது இன்னொரு நாள்.)

இதெல்லாம் படிச்சுட்டு அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ பெரியப்பாகிட்ட வாதாடத் தயாரா போனேன். திண்ணையில உக்காந்து நைலான், வியட்நாம் எல்லாம் ஒப்பிச்சேன். அவர் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்:

"நீ சொல்லுததெல்லாம் எனக்கு எதுக்குல? நான் தூக்கி நடந்திருக்கேன். வடகிழக்குல மழைன்னா நம்ம ஊரு மழை இல்ல, மாசக்கணக்கு. எஸ்.எல்.ஆர். பட்டு ஊறி கல்லு மாதிரி கனக்கும். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல ஈரம் நின்னு துரு புடிக்கும், காலையில இன்ஸ்பெக்ஷன்ல திட்டு விழும். அன்னைக்கு ஒருத்தன் இந்தக் கொடத்தைக் குடுத்திருந்தாம்னா கும்பிட்டு வாங்கியிருப்பேன்."

"அப்போ கடையில ஏன் அப்படிச் சொன்னீங்க பெரியப்பா?"

பதில் சொல்லல. பெரியம்மாதான் உள்ள இருந்து சொன்னாங்க. "கொடத்தைப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்? ஆத்துல இருந்து பித்தளைக் கொடத்துல தண்ணி சொமந்தது நானும் எங்க அத்தையும்லா. பிளாஸ்டிக் கொடம் வந்த அன்னைக்கு இடுப்பு பிழைச்சுது. அசிங்கம் அசிங்கம்னு சொன்னது பூராவும் ஆம்பளைக, ஒருத்தரும் கொடம் தூக்கல."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அத்தனை வரலாறு படிச்சும் பிடிபடாதது அந்த ஒரு வார்த்தையில பிடிபட்டுச்சு. மரக் கட்டை அழகு, பித்தளைக் குடம் அழகுன்னு நாம ரசிக்கிறோமே, அந்தப் பளபளப்பு தானா வந்ததில்ல. யாரோ ஒருத்தர் புளி போட்டு விளக்கியிருக்காங்க, யாரோ எண்ணெய் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. அந்த உழைப்பைத்தான் அழகுன்னு சொல்றோம். பிளாஸ்டிக் அந்த உழைப்பைக் கேக்கறதில்ல. அதனாலயே தூக்குறவனுக்கு அது வரம், தள்ளி நின்னு பாக்கிறவனுக்கு அசிங்கம்.

எங்க ஊருக்குப் பக்கத்துலதான் ஆதிச்சநல்லூர். 1899இல் அலெக்சாண்டர் ரீ தோண்டினப்போ அங்க இரும்புக் கத்தியும் ஈட்டியும் குவியலா கிடைச்சுது. இரும்பு துருப்பிடிச்சாவது நமக்கு மிஞ்சுச்சு. அந்த ஈட்டிக்கெல்லாம் மரத்துல காம்பு இருந்திருந்தா, அதை மண்ணு என்னைக்கோ தின்னிருக்கும். பிளாஸ்டிக்கை மண்ணு தின்னாது. அதுவும் ஒரு பிரச்சினைதான், வெள்ளம் வடிஞ்சப்புறம் ஆத்தங்கரை மரங்கள்ல தொங்கினதைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

கடைசியில பெரியப்பா எந்தக் கட்டை போட்டார்னு கேக்குறீங்களா? அந்தக் கறுப்புக் கொடத்தையேதான். கடையில வெச்சு அவர் சொன்ன காரணம் இது: "எனக்குக் கை நடுங்குது. இனிமே எண்ணெ போட ஆவாது. எனக்கப்புறம் யாரு போடுவா, நீயா?"

நான் வாயைத் திறக்கல. திறந்து என்ன சொல்ல? மாசத்துக்கு ஒரு தடவை பைக்கைத் துடைக்கவே சோம்பேறித்தனப்படுற ஆள் நான்.

வெடிச்ச பழைய கட்டை பரண்ல இருக்கு. போன வாரம் போன்ல பெரியம்மா சொன்னாங்க, "ஞாயித்துக்கிழமையானா அதை எறக்கச் சொல்லி, மடியில வெச்சுத் தடவிட்டு இருக்காக"ன்னு.

டிஸ்கி: வீட்டுக்கு வந்தா அந்தத் துப்பாக்கியைக் காட்டுவியான்னு யாரும் கேக்காதீங்க மக்களே. எனக்கே இன்னும் தொட அனுமதி கிடையாது :-)