தேசிய மனித உரிமை ஆணையம், நேபாளம்

1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுக் கிளர்ச்சியால் அல்லலுற்ற நேபாளத்தில், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு 2000இல் அமைக்கப்பெற்று, 2007ஆம் ஆண்டின் இடைக்கால அரசியல் சாசனத்தால் சாசன அந்தஸ்து எய்திய ஸ்தாபனம். இத்தகைய ஸ்தாபனங்களின் பணியை மதிப்பிடுவோர், 1993இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்ற பாரிஸ் கோட்பாடுகளையே பிரமாணமாகக் கொள்வது வழக்கமாயினும், யுத்த காலத்தில், சட்டம் ஏட்டளவில் வழங்கும் சுதந்திரத்தைவிட, சம்பவ ஸ்தலத்துக்குச் சென்று கண்டதை மறைக்காமல் உரைக்கும் துணிவே சிறந்த உரைகல் எனலாம். 2003 ஆகஸ்டில், சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, ராமேச்சாப் மாவட்டத்துத் தோரம்பாவில் மாவோயிஸ்டுகள் மோதலில் மடிந்தனர் என்று ராணுவம் சாதித்தபோது, ஆணையம் அனுப்பிய குழு நேரில் விசாரித்து, அவர்கள் பிடிபட்ட பின்னரே சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று பகிரங்கமாக அறிவித்தது. பின்னர் ஒரு மேஜர் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார். இது அபூர்வம்; சிபாரிசு செய்யும் அதிகாரமன்றித் தண்டிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. புகார் கொடுக்க ஆறு மாதக் கெடு விதித்த 2012ஆம் ஆண்டுச் சட்டவிதியை மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. சிபாரிசுகள் பல அலமாரியில் உறங்கவே, 2020இல் ஆணையம் இருபதாண்டு விசாரணைகளில் தான் பொறுப்பாளிகளாகக் கண்ட 286 பேரின் பெயர்களை வெளியிட்டது. போலீஸாரும் ராணுவத்தினரும் மாவோயிஸ்டுகளும் அப்பட்டியலில் ஒருங்கே இடம்பெற்றனர்.